இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கினால் நாளிதழ் இணைப்புகளில் பயணத் திட்டங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். நான்கு நாள் மலை, ஐந்து நாள் கடல், மூன்று மாதம் முன்னதாகவே முன்பதிவு. படங்கள் அழகு, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்கும் பல குடும்பங்களுக்கு வாரத்தில் சேர்ந்தாற்போல் கிடைப்பது இரண்டு மணி நேரம். வாரம் நல்ல வாரமாக இருந்தால் ஒரு காலைப்பொழுது. அந்த இரண்டு மணி நேரத்தில் வெளியே போய் என்ன செய்யலாம், எப்படிச் செய்தால் அடுத்த வாரமும் போகத் தோன்றும் என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அந்தக் குறைக்குத்தான் இந்தக் கடிதம். நீளம்தான், பொறுத்தருளுங்கள்.

சின்னச் சின்னதாகப் போனால் பலன் உண்டா என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்ன வாய்ப்பு, அப்படிக் கழிக்காதவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அதை ஒரே மூச்சில் கழித்தார்களா, துண்டு துண்டாகக் கழித்தார்களா என்பதால் வேறுபாடு தெரியவில்லை. வெளியே போனதால் நலமா, நலமாக இருந்ததால் வெளியே போனார்களா என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளின் கண் விஷயத்தில் இதைவிட உறுதியான சான்று இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளிப்புற நேரத்தைக் கூட்டி மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்தது. நேரம் கூட்டிய பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-இல் வெளியான முடிவு இது. காரணம் வெளிச்சமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்: ஒளியை அளக்கும் லக்ஸ் கணக்கில் வீட்டு விளக்கு தருவது சில நூறுதான், வெயில் நேரத்து வெட்டவெளி பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும்.

ஆக, துண்டு நேரம் போதும். பிறகு ஏன் நடப்பதில்லை? நேரமில்லை என்பார்கள். பாதிதான் உண்மை. ஒவ்வொரு முறையும் எங்கே போவது என்று புதிதாக முடிவெடுத்து, டார்ச்சைத் தேடி, பாட்டிலைக் கழுவி, ஒரு செருப்பின் ஜோடியைக் கட்டிலுக்கு அடியில் கண்டுபிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. சண்டையும் வந்துவிடுகிறது. சாகசம் தோற்கும் இடம் காடு அல்ல, வீட்டு வாசற்படி. அதனால் உழைப்பை எல்லாம் அங்கே போட வேண்டும்.

எப்போதும் கட்டித் தயாராக இருக்கும் ஒரு பை வேண்டும். 20 லிட்டர் கொள்ளும் சாதாரண முதுகுப்பை போதும். அலமாரிக்குள் போகாமல் கதவருகே ஆணியில் தொங்கட்டும். உள்ளே இருப்பவை: நெற்றியில் மாட்டும் டார்ச் இரண்டு (வெளிச்சம் 100 முதல் 200 லூமன் தாராளம், உறையிலேயே போட்டிருக்கும்), ஆளுக்கு ஒரு விசில், முதலுதவிச் சிறுபை, ஒட்டும் துணி டேப் ஒரு சுருள், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, கைக்குட்டை அளவில் நான்கைந்து துணிகள், குழந்தைக்கு ஒரு மாற்று உடையும் ஒரு ஜோடி காலுறையும் ஜிப் பையில், ஆளுக்கு ஒரு பெரிய குப்பைப் பை, கொசு விரட்டும் களிம்பு, பத்து மீட்டர் மெல்லிய கயிறு, உட்கார ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. குப்பைப் பை எதற்கு என்று கேட்கலாம். முகத்துக்கு மட்டும் ஓட்டை வெட்டித் தலைவழியாகப் போட்டால் மழைக்கோட்டு, விரித்தால் ஈரத்தரையில் ஆசனம், திரும்பும்போது சேற்றுச் செருப்புக்கு உறை. பளிச்சென்ற நிறமாக இருந்தால் தூரத்திலிருந்தும் ஆள் தெரியும். முகத்துக்கு ஓட்டை இல்லாமல் குழந்தையிடம் கொடுக்கவே கூடாது.

பை கெட்டுப்போவது எப்போதும் ஒரே விதமாகத்தான். திரும்பி வந்த களைப்பில் அப்படியே மூலையில் வைத்துவிடுகிறோம். ஈரத்துணி பூசணம் பிடிக்கிறது, தீர்ந்த டேப்பை யாரும் மாற்றுவதில்லை, டார்ச் உள்ளே அழுத்தப்பட்டு இரவு முழுக்க எரிந்து பேட்டரி செத்துவிடுகிறது. அடுத்த வாரம் பையைத் திறப்பவருக்குப் போகும் ஆசையே போய்விடும். ஆகவே பையை நிரப்பும் வேலை புறப்படும் வேலையில் சேராது, திரும்பும் வேலையில் சேரும். வந்ததும் பத்து நிமிடம்: ஈரம் காய, தீர்ந்தது நிரம்ப, டார்ச்சில் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட. தலைகீழாகக் கிடக்கும் பேட்டரி தவறி அழுத்தினாலும் எரியாது. பல மாதம் தொடமாட்டோம் என்றால் பேட்டரியை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள், உள்ளேயே கசிந்தால் டார்ச்சே போச்சு. தண்ணீரும் தின்பண்டமும் மட்டும் புறப்படும்போது சேரட்டும். வெக்கையான பருவத்தில் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர், சிறு பிள்ளைக்குக் கால் லிட்டர் என்று கொண்டால், நால்வருக்கு இரண்டு மணி நேரத்துக்கு 3 லிட்டர். அதாவது மூன்று கிலோ. அதை ஒருவர் தலையில் கட்டாமல் பிரித்துச் சுமக்கலாம். பிள்ளையின் பை அதன் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ.

அடுத்தது நேரக் கணக்கு. இதை முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போட வேண்டும். பிள்ளைகள் ஒன்பதுக்குத் தூங்க வேண்டும், குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றேகால் மணி நேரம் என்றால் 7.45-க்கு வீட்டில் இருக்க வேண்டும். போக இருபது, வர இருபது நிமிடம். 5.15-க்குக் கிளம்பினால் 5.35-லிருந்து 7.15 வரை, 100 நிமிடம் கையில். பத்து நிமிடம் உபரி, அது யாராவது ஒருவர் கழிப்பறைக்குத் திரும்பி ஓடுவதில் போய்விடும். பயண நேரம் வெளியில் இருக்கும் நேரத்தில் பாதியைத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். அழகு குறைந்த பக்கத்து ஏரிக்கரைக்கு வருடத்தில் நாற்பது முறை போவோம். அழகான தூரத்து அருவிக்கு ஒருமுறை போய், நெரிசலில் நின்று, அதோடு விட்டுவிடுவோம்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். பாதி நேரத்தில் திரும்பினால் போதும் என்று கணக்குப் போடுவது பொதுவான பிழை. களைத்த பிள்ளை திரும்பும்போது மெதுவாகத்தான் நடக்கும், கடைசிக் கால்மைலில் தூக்கச் சொல்லும். 100 நிமிடத்தில் 40 ஆனதும் திரும்புங்கள், கண்ணெதிரே எவ்வளவு அழகான மேடு இருந்தாலும். “இன்னும் ஒரு வளைவுதான்” என்று பெரியவர் ஆசைப்பட்ட இடத்திலிருந்துதான் அழுகையும் இருட்டும் ஆரம்பிக்கும்.

எவ்வளவு தூரம்? ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: மெட்ரிக்கில் சொன்னால் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நல்ல உடல்வாகு உள்ள பெரியவருக்கு. ஐந்தாறு வயதுப் பிள்ளையோடு போனால் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வையுங்கள். அந்த வயதுக்கு எறும்புப் புற்று ஒன்றே கால்மணி நேரம் பிடிக்கும். 100 நிமிடத்துக்குப் போக வர மொத்தம் மூன்று கிலோமீட்டர் போதும் என்று இதிலிருந்தே தெரியும்.

வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக் கையே போதும். கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே விரல்களைப் படுக்கைவாட்டில் அடுக்குங்கள். ஒரு விரலுக்கு ஏறத்தாழ 15 நிமிடம், நான்கு விரலுக்கு ஒரு மணி நேரம். சூரியனை நேராக உற்றுப் பார்க்காமல் ஓரக்கண்ணால் அளந்தால் போதும். சூரியன் மறைந்த பிறகு டார்ச் இல்லாமல் நடக்கத் தோதான வெளிச்சம் வெப்பமண்டலத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். துருவத்தை நோக்கிப் போகப் போக அந்த நேரம் நீளும். மரங்கள் அடர்ந்த பாதையில் எங்கேயும் குறைவுதான்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். எளிதில் கைகூடுவது முழுநிலவு மாலை. அன்று சூரியன் மேற்கில் இறங்கும் நேரத்தை ஒட்டியே நிலவு கிழக்கில் ஏறும். இரு பக்கமும் திறந்த ஒரு மேடு கிடைத்தால் இரண்டையும் ஒரே மணி நேரத்தில் பார்த்துவிட்டு, நிலவொளியிலேயே திரும்பலாம். மறுநாள் நிலவு சுமார் 50 நிமிடம் தாமதிக்கும், நான்கு நாள் கழித்துப் போனால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வரும். தேதி தவறினால் திட்டமே தவறும்.

நிலவில்லாத நாள்களுக்கு இருட்டு நடை. தெரிந்த, சமதளமான, வண்டி வராத பாதையில் விளக்கை அணைத்துவிட்டு நடப்பது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் யாராவது கைப்பேசியைத் திறந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மங்கலான சிவப்பு ஒளி அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாம். மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்க அதன் சற்றுப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. பிள்ளைகள் இதை நம்பாமல் சோதித்துப் பார்ப்பார்கள், அதுவே பத்து நிமிட ஆட்டம். பாம்பு நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டும் இந்த ஆட்டம் வேண்டாம். அங்கே மூடிய காலணியும் முன்னால் விழும் வெளிச்சமும் கட்டாயம்.

வானம் பார்ப்பவர்களுக்கு இரண்டு தேதிகள்: ஆகஸ்ட் 12, 13 ஒட்டி பெர்சீட் எரிகற்கள், டிசம்பர் 13, 14 ஒட்டி ஜெமினிட். குடும்பத்துக்கு டிசம்பர்தான் தோது. பெர்சீட் நன்றாகத் தெரிய நள்ளிரவு தாண்ட வேண்டும், ஜெமினிட் முன்னிரவிலேயே தொடங்கிவிடும். நிலவு பெரிதாக இருக்கும் ஆண்டு என்றால் இரண்டுமே சோபிக்காது. பன்னாட்டு விண்வெளி நிலையம் இன்னும் சுலபம். 400 கிலோமீட்டர் உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் அது, நமக்கு இருட்டி அதற்கு இன்னும் வெயில் இருக்கும் அந்திப்பொழுதிலும் விடியலுக்கு முன்னும் கண்ணுக்குத் தெரியும். சிமிட்டாமல் நிதானமாக நகர்ந்தால் அது நிலையம். சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டினால் விமானம். முழுக் காட்சியும் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், வேலைநாள் இரவுக்கு இதைவிடத் தோதானது இல்லை.

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் சொதப்புவதும் வெளியில் ஓர் இரவு தூங்குவது. முதல் இரவை வீட்டு மாடியிலோ முற்றத்திலோ வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு மணிக்குப் பிள்ளை அழுதால் உள்ளே போய்விடலாம். குளிர் மேலிருந்து வருவதாக நினைத்து எல்லாப் போர்வையையும் மேலே போடுவதுதான் முதல் தவறு. உடம்பின் பாரத்தில் கீழே இருக்கும் துணி நசுங்கி, அதில் தங்கியிருந்த காற்று வெளியேறிவிடும். காற்று போனால் காப்பும் போச்சு, தரை சூட்டை உறிஞ்சும். மூன்று போர்வை இருந்தால் இரண்டு கீழே, ஒன்று மேலே. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள, தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பாய் இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் நாளிதழ்களைக் கனமாக அடுக்கலாம். பழைய நாளிதழுக்கு இதைவிட நல்ல மறுபிறவி இல்லை என்பதை ஆசிரியர் ஒப்புக்கொள்வார்.

இரண்டாவது பனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையும் போர்வையும் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அதன் மேல் ஈரம் படியும். வானத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு துணி இருந்தால் பெருமளவு தப்பலாம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தார்ப்பாய் நால்வருக்குச் சரியாக இருக்கும். இரண்டு மரத்துக்கு இடையே நெஞ்சுயரத்தில் கயிறு கட்டி, தார்ப்பாயைப் பாதியாக மேலே போட்டு, நான்கு மூலைகளையும் கயிறு கட்டி வெளிப்பக்கம் இழுத்து முளையடிக்க வேண்டும். காற்று வரும் பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் இருக்கட்டும். நுனிக்கயிறு இரவில் தளரும், தார்ப்பாய் முகத்தில் விழும். அதற்கு வழுக்கு முடிச்சு: கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, இறுகியிருக்கும் கயிற்றின் மேல் வளையத்துக்கு உள்பக்கமாக இரண்டு சுற்று, வளையத்துக்கு வெளியே ஒரு சுற்று சுற்றி, நுனியை அந்தக் கடைசிச் சுற்றுக்கு உள்ளே விட்டு இழுத்தால் போதும். கையால் நகர்த்தினால் நகரும், பாரம் இழுத்தால் பிடித்துக்கொள்ளும். மழை வந்தால் உச்சிக்கயிறு வழியாகத் தண்ணீர் ஓடிவந்து படுக்கையில் சொட்டும். தார்ப்பாயின் ஓரத்துக்கு வெளியே அந்தக் கயிற்றில் ஒரு முழக் கந்தலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதன் வழியாக இறங்கிவிடும். கொசுவலை தோலைத் தொடாதபடி விரிந்து நிற்க வேண்டும், ஒட்டிக்கிடக்கும் வலை வழியாகக் கொசு தாராளமாகக் கடிக்கும். பள்ளத்தில் படுக்காதீர்கள், குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில்தான் வந்து தேங்கும். காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்கும் மரத்தடியும் ஆகாது. நெருப்பு மூட்டுவதை விட்டுவிடலாம். அணைக்கும் வேலை மூட்டும் வேலையைவிட நீளம், அனுமதியும் பல இடங்களில் இல்லை.

குழந்தையின் வயதைப் பொறுத்துச் சில விஷயங்கள் மாறும். நெஞ்சில் கட்டித் தூக்கும் கைக்குழந்தையின் தாடை அதன் மார்பில் படாமல், மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தள்ளுவண்டியை வெயிலுக்காகத் துணியால் மூடினால் உள்ளே சூடு ஏறும், நிழலைத் தேடுவதே வழி. மூன்று முதல் ஏழு வயது வரை தின்பண்டம்தான் எரிபொருள். முக்கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம், திரும்பும் வழிக்கென்று ஒன்றை ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள். கால் வலிக்கிறது என்று சொன்ன உடனே நிறுத்தி, சிவந்து சூடாக இருக்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். “வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்” என்றால் வீட்டுக்குப் போகும்போது கொப்புளமாகியிருக்கும். பதின்வயதினருக்கு நடை பிடிக்காது, பொறுப்பு பிடிக்கும். வரைபடத்தையும் திரும்பும் நேரத்தையும் அவர்களிடமே கொடுத்துவிட்டுப் பின்னால் நடக்கலாம். வழி தவறினால் உடனே திருத்தாதீர்கள்.

எல்லோரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்ற பிடிவாதம் பல குடும்பங்களில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. அப்பாவும் ஒரு பிள்ளையும் போகட்டும், அம்மாவுக்கு வீட்டில் ஒரு மணி நேரம் அமைதி. அடுத்த வாரம் மாற்றி. “முடியும்போது போகலாம்” என்பதைவிட “செவ்வாய் மாலை” என்பது நடக்கும். தூறல் என்றால் ரத்து செய்யாமல் பாதியாகக் குறைக்கலாம்.

ரத்து செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குள் என்றால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்கோ கண்ணாடி ஏற்றிய காருக்கோ போய்விட வேண்டும், தனிமரத்தடி கூடாது. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம்தான் என்றாலும் வேகமாக ஓடினால் பெரியவரையே தள்ளிவிடும். ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ மேலே எங்கோ மழை. நம் தலைக்கு மேல் வெயிலடித்தாலும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, சத்தமில்லாமல்தான் போகும். நீச்சல் தெரியாத பிள்ளை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டை விளையாட்டுப் பொருள்தான், உயிர்காப்புச் சட்டை ஆகாது.

பிள்ளை தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைக்கே சொல்லித்தர வேண்டும். நடக்காதே, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நில், மூன்று முறை விசில் ஊது, கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. நகர்ந்துகொண்டே இருக்கும் குழந்தையைத் தேடுவது, நிற்கும் குழந்தையைத் தேடுவதைவிடப் பல மடங்கு கடினம். விசிலைக் கழுத்தில் கட்டாதீர்கள், கிளையில் மாட்டினால் கழுத்தை நெரிக்கும். சட்டைப் பித்தான் துளையிலோ பைப்பட்டையிலோ கட்டுங்கள். புறப்படும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்று பெற்றவருக்கே நினைவு வராது.

நிறைவாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். நான்கு நாள் பயணப் பக்கம் அப்படியே இருக்கட்டும். அதன் ஓரத்தில் வாரம் ஒருமுறை, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பெட்டி தந்தால் போதும்: ஏழு நாள்களுக்கும் சூரியன் மறையும் நேரம், நிலவு எழும் நேரம், விண்வெளி நிலையம் தெரியும் நாளும் திசையும். கத்தரித்துக் கதவருகே, பையைத் தொங்கவிட்ட ஆணியிலேயே செருகிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்